தென்முனை அணி ஆள் எடுத்த லட்சணம்

உட்காருங்கள் டீச்சர். அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆடும். இதில் உட்காருங்கள். உங்களைக் கோச் என்று கூப்பிட வேண்டும் என்று லிடியா சொல்லித்தான் வைத்தாள். கோச் என்றால் எனக்கு ரயில் பெட்டிதான் கண்ணில் வருகிறது. எங்கள் கடற்கரையில் படித்த பெண் யார் வந்தாலும் டீச்சர்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நீங்கள் எதற்கு வந்திருக்கிறீர்கள் என்று தெரியும். உங்கள் தென்முனை யுனைடெட் கால்பந்து கிளப்பில் இந்த வருடம் பெண்களுக்கும் ஒரு அணி தொடங்குகிறீர்கள். அதற்கு என் மகள் லிடியாவை எடுத்திருக்கிறீர்கள். திங்கட்கிழமை அவள் வந்து சேர வேண்டும். அவளோ, “அண்ணன் வாயால சரின்னு சொல்லாம நான் போவமாட்டேன்” என்று நிற்கிறாள். அண்ணன் டென்சிங்கோ, “அவ அந்தக் கிளப்புல சேந்தா, அப்புறம் நான் இந்த வீட்டு நடையில கால் சவிட்டமாட்டேன்” என்கிறான். இவர்கள் அப்பா ஆழ்கடலுக்கு மீன் பிடிக்கப் போயிருக்கிறார். கரையில் இருந்தாலும், “நீ பாத்துக்கோ” என்றுதான் சொல்வார். ஆக, நடுவில் நான்.

டென்சிங் ஐஸ் கம்பெனியில் வண்டி ஓட்டுகிறான். வரும் நேரம்தான். அதுவரை பேசிக்கொண்டிருப்போமே. உங்களுக்கு ஒன்றும் அவசரம் இருக்காது. போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பையன்கள் விளையாடியதை டிவியில் பார்த்தேன். உங்கள் கிளப்பில் யாருக்குமே அவசரம் கிடையாது.

பயப்படாதீர்கள். நான் சண்டைக்காரி இல்லை. ஊரில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப்பாருங்கள், டென்சிங் அம்மா ஒரு வார்த்தை உரக்கப் பேச மாட்டாள் என்பார்கள். எட்டாம் வகுப்போடு படிப்பு போயிற்று. செபமாலை, சமையல், பிள்ளைகள், இவ்வளவுதான் நான். உங்கள் அணி ஆடும்போதெல்லாம் கையில் செபமாலையோடுதான் டிவி முன்னால் உட்காருவேன். நீங்கள் தோற்க வேண்டும் என்று ஒருநாளும் செபித்ததில்லை டீச்சர். அது பாவம். “ஆண்டவரே, நியாயம் செய்யும்” என்று மட்டும்தான் சொல்வேன். அவர் செய்கிறார். முதல் பத்து மணி உருட்டி முடிப்பதற்குள் ஒரு கோல் வாங்கிவிடுவீர்கள்.

லிடியா, சாயா போட்டாச்சா மக்கா? பாத்திரத்தை மெதுவாக வை. கேட்கிறதா டீச்சர், உள்ளே உருட்டுவதை? கோபம். நான் பேச ஆரம்பித்தால் அவளுக்குப் பாத்திரம் கழுவ வந்துவிடும்.

நான் என்ன தப்பாகச் சொல்கிறேன்? ஒரு வீட்டில் பெண் கேட்டு வந்தால், பையன் வீட்டார் எப்படி என்று விசாரிக்க மாட்டோமா? நீங்கள் என் பெண்ணைக் கேட்டு வந்திருக்கிறீர்கள். உங்கள் கிளப் இதுவரை எடுத்த ஆட்களெல்லாம் என்ன ஆனார்கள் என்று நான் பார்க்க வேண்டாமா?

முன்னே ஒரு வருடம் எடுத்தீர்களே, அந்த நெடிய பையன். வடக்கே எங்கேயோ இருந்து வந்தான். “தலையால் அடிக்க இவனை விட்டால் ஆளில்லை” என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். நல்ல உயரம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. எங்கள் சர்ச் வளாகத்தில் ஒரு தென்னை நிற்கிறது, அதுவும் நல்ல உயரம். பந்து அவன் தலையில் வந்து விழும். அவன் போய்ப் பந்தை அடித்து நான் பார்த்ததில்லை. காற்று அடித்தால்கூடத் தென்னை கொஞ்சம் அசையும்.

அடுத்து அந்தக் கோல்கீப்பர். பாவம், பக்தியுள்ள பிள்ளை. ஆட்டம் தொடங்கும் முன் முழங்காலில் நிற்பான், கம்பத்தைத் தொட்டு முத்தமிடுவான். பார்க்க எனக்குக் கண் நிறைந்துவிடும். செபிக்கிற பிள்ளையை நான் குறை சொல்லவே மாட்டேன். பந்து வரும்போது மட்டும் கண்ணைத் திறந்துகொண்டால் போதும்.

அப்புறம் ஒருத்தன், தலைமுடியை மஞ்சளாக்கிக்கொண்டவன். அவன் பந்தோடு நின்றதைவிட வேட்டி விளம்பரத்தில் நின்றதுதான் அதிகம். அந்த விளம்பரத்தில் நன்றாகவே ஓடினான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அப்படி ஒரு ஓட்டம். அதைப் பார்த்த டென்சிங்தான் சொன்னான், “அம்மா, இவனுக்கு வேட்டிய உடுத்தியே கிரவுண்டுல விட்டிருக்கலாம்.”

சாயா வந்துவிட்டது, எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்கும் எடுங்கள். லிடியா, ஏன் பிள்ளை முறைக்கிறாய்? டீச்சரே சிரிக்கிறார்கள், பார்.

நல்ல பிள்ளை ஒருத்தனையும் நீங்கள் எடுக்கவில்லை என்று சொன்னால் ஆண்டவர் என்னை மன்னிக்க மாட்டார். எடுத்தீர்கள். பக்கத்துத் துறை ஊரில் இருந்து அந்த ஜஸ்டஸ். கறுப்பாக, ஒல்லியாக, வாய் பேசாத பிள்ளை. அவனை என்ன செய்தீர்கள்? ஒரு வருடம் ஓரத்தில் உட்கார வைத்தீர்கள். மறு வருடம் வேறு அணிக்கு விட்டுக்கொடுத்தீர்கள். அவன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து உங்களுக்கே இரண்டு கோல் அடித்தான். அடித்துவிட்டுக் குதிக்கவில்லை பாருங்கள். கையைக் கூப்பி மன்னிப்புக் கேட்டான். வளர்த்த விதம். அவன் அம்மாவை எனக்குத் தெரியும்.

லிடியா எனக்கு இந்த டிராஃப்ட் விஷயத்தையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லித் தந்திருக்கிறாள். எல்லா அணிகளும் ஒரு மண்டபத்தில் கூடுவார்கள். ஒவ்வொரு அணியாக எழுந்து ஒவ்வொரு பேராகச் சொல்வார்கள். சொன்ன பேர் சொன்னவருக்கு. போன வருடம் கடைசியாக வந்த அணி எதுவோ, அதற்குத்தான் முதலில் எடுக்கிற உரிமையாம். சரிதானே? “கடைசியானோர் முதன்மையாவர்” என்று ஆண்டவர் சொன்னதை இப்படியும் எடுத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. நீங்கள் கடைசியில் வருகிறீர்கள். அதனால் முதலில் எடுக்கிறீர்கள். முதலில் எடுத்த ஆளை வைத்து மறுபடி கடைசியில் வருகிறீர்கள். அதனால் மறுபடி முதலில். எனக்கு இது பாவசங்கீர்த்தனம் மாதிரி இருக்கிறது டீச்சர். ஒரே பாவத்தைச் சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்டு, வெளியே வந்து அதையே செய்கிற ஆட்கள் எங்கள் பங்குக் கோயிலிலும் இருக்கிறார்கள்.

ஆண்டவர்கூடப் பன்னிரண்டு சீடர்களை எடுத்தார். ஒன்று தப்பாகப் போயிற்று. அந்த ஒன்றுக்குப் பதிலாக மற்றவர்கள் சீட்டுப் போட்டு மத்தியாவை எடுத்தார்கள். சீட்டுதான் போட்டார்கள், ஆனாலும் நல்ல ஆளாக வந்தது. உங்கள் கிளப்பில் இதற்கென்று நான்கு பேர், கண்ணாடி போட்டுக்கொண்டு, கம்ப்யூட்டர் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களாமே? அவர்களுக்கு ஒரு குடமும் கொஞ்சம் சீட்டும் வாங்கிக் கொடுங்கள். பாவம், அவர்களும் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்.

நான் எதற்கு இவ்வளவு சொல்கிறேன்? என் மகனை நீங்கள் எடுக்கவில்லை என்கிற ஆத்திரத்தில் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். எனக்கு ஆத்திரமே கிடையாது. அவனை எடுக்கவில்லை என்பதை மட்டும்தான் சொல்கிறேன்.

நாகர்கோவிலில் நீங்கள் ஆள் பார்த்த அன்று, அப்போது நீங்கள் இந்தக் கிளப்பில் இல்லை, உங்களைச் சொல்லவில்லை, அன்று காலையில் அவனுக்கு ஆப்பமும் ஆட்டிறைச்சியும் செய்து கொடுத்தேன். “அம்மா, லைட்டா போதும்” என்றான். ஓடப்போகிற பிள்ளையை வெறும் வயிற்றோடு அனுப்புவேனா? பக்கத்தில் உட்கார்ந்து இன்னும் இரண்டு ஆப்பம் வைத்தேன். அங்கே போனதும் மைதானத்தைச் சுற்றி ஓடச் சொல்லியிருக்கிறார்கள். வெயில். ஒரு சுற்று ஓடிவிட்டு மரத்தடியில் போய்க் கொஞ்சம் வாந்தி எடுத்தான். கொஞ்சம்தான். அதைப் பார்த்துவிட்டு, “வேகம் போதாது” என்று அனுப்பிவிட்டார்கள். பிள்ளை வயிறாரச் சாப்பிட்டுவிட்டு வந்தது ஒரு குற்றமா டீச்சர்? அந்தத் தென்னை மரம் எத்தனை ஆப்பம் சாப்பிட்டுவிட்டு வந்தது என்று யாராவது கேட்டார்களா?

என் டென்சிங் ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். சாயங்காலம் ஆனால் கடற்கரையில்தான். லிடியா அப்போது சின்னப் பெண், பின்னாலேயே ஓடுவாள். இரண்டு பேரும் எதிரெதிரே ஆடுவார்கள். அவன் பந்தைக் கொண்டுவருவான், இவள் காலை நீட்டிப் பறித்துக்கொண்டு போய்விடுவாள். அவன் விட்டுக்கொடுப்பான். தங்கச்சிதானே. திரும்பவும் கொண்டுவருவான், திரும்பவும் விட்டுக்கொடுப்பான். இருட்டும்வரைக்கும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருப்பான். தினமும். அப்படி ஒரு குணம். எந்த அண்ணன் செய்வான்? சில நாள் கோபம் வந்த மாதிரி நடிப்பான். பந்தைக் கடலுக்குள் தூக்கி எறிவான். அதுகூட அவளைச் சந்தோஷப்படுத்தத்தான்.

என்ன பிள்ளை? நான் பொய்யா சொல்கிறேன்? பேசுவதானால் வெளியே வந்து பேசு. கதவுக்குப் பின்னால் நின்று மூச்சு விடாதே.

அந்தக் கோப்பையைப் பார்த்தீர்களா, மாதா படத்துக்குப் பக்கத்தில்? எங்கள் பங்குத் திருவிழாவில் செவன்ஸ் ஆட்டம் நடக்கும். அணிக்கு ஏழு பேர், சின்ன மைதானம், ஆனால் உயிரை விட்டு ஆடுவார்கள். ஒரு வருடம் எங்கள் தெருக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியத்து அணியில் ஒரு பையனுக்குக் கால் சுளுக்கிவிட்டது. ஆள் இல்லை. இவள் அண்ணனுடைய பழைய சட்டையைப் போட்டுக்கொண்டு, தொப்பியில் முடியை மறைத்துக்கொண்டு இறங்கிவிட்டாள். எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் காலை ஒடித்திருப்பேன். மைக்கில் பங்குச் சாமியார், “டென்சிங்கின் சித்தப்பா மகன் அருமையாக ஆடுகிறான்” என்கிறார். டென்சிங்குக்குச் சித்தப்பாவே கிடையாது. கடைசியில் ஜெயித்தார்கள். டென்சிங்தான் கேப்டன். கோப்பையில் அவன் பேர்தான் வெட்டியிருக்கிறது. கோல் போட்டது யார் என்றா கேட்கிறீர்கள்? அதெல்லாம் எதற்கு டீச்சர்? கேப்டன் இல்லாமல் ஒரு அணி உண்டா?

நாகர்கோவிலில் அப்படி அனுப்பிய பிறகு அவன் பந்தைத் தொடவில்லை. கேட்டால், “முட்டுல வலிம்மா” என்பான். ஆனால் உங்கள் அணி ஆடும்போது டிவி முன்னால் இருந்து எழுந்திருக்க மாட்டான். நீங்கள் கோல் வாங்கினால் சிரிப்பான். சிரித்து முடித்ததும் அவன் முகம் ஒரு மாதிரி ஆகிவிடும். நான் பார்க்காத மாதிரி அடுத்த மணிக்கு விரலை நகர்த்திவிடுவேன். எத்தனையாவது மணி என்பது எனக்கே தப்பிப்போகும்.

அதனால்தான் சொல்கிறேன். அவனை வேண்டாம் என்ற கிளப் இவளை வேண்டும் என்று வந்தால், அவனுக்கு எப்படி இருக்கும்? அதுவும் இப்படிப்பட்ட கிளப். நீங்களே யோசித்துப்பாருங்கள். உங்கள் ஆட்கள் யாரை எல்லாம் எடுத்தார்களோ, அதில் ஒன்றுமே உருப்படவில்லை. அந்த ஆட்கள் இப்போது என் மகளை எடுக்கிறார்கள். அப்படியென்றால் என்ன அர்த்தம்? இவளுக்கும் ஆட்டம் வராது என்றுதானே? பெற்ற தாய் இதைச் சந்தோஷமான சேதி என்று எப்படி எடுத்துக்கொள்வேன்?

சரி, போகட்டும். எந்த ரவுண்டில் எடுத்தீர்கள் இவளை?

என்ன சொன்னீர்கள்?

முதல் ரவுண்டா?

முதல் ரவுண்டில் எத்தனையாவது?

…முதல் பேரா. எல்லா அணிக்கும் முந்தி, அந்த மண்டபத்தில் சொன்ன முதல் பேர் இவள் பேரா?

லிடியா, இங்கே வா. ஏன் என்னிடம் சொல்லவில்லை நீ?

“சொன்னா நீ அண்ணங்கிட்ட சொல்லுவம்மா.”

சொல்வேன்தான். சொல்லாமல்? முதல் பேர். தமிழ்நாடு, கேரளம் என்று இத்தனை இடத்துப் பிள்ளைகள் இருக்க, இந்தக் கடற்கரையில் கிடக்கிற என் மகள் பேரை... அந்த மண்டபத்தில் ஆட்கள் நிறைய இருந்தார்களா டீச்சர்? மைக்கில் சொன்னார்களா? பேரை ஒழுங்காகச் சொன்னார்களா? சகாய லிடியா என்று முழுதும் சொன்னார்களா? கை தட்டினார்களா?

தட்டினார்களா.

சரி. உங்கள் கடைசி இடத்து உரிமை பெண்கள் அணிக்கும் வந்திருக்கிறது. தென்னை மரமும் முதல் பேர்தான். மறந்துவிடாதீர்கள். நான் ஒன்றும் மயங்கிவிடவில்லை.

லிடியா, நீ போய் முகத்தைக் கழுவு. அழுதால் உனக்கு மூக்கு சிவந்துவிடும். அண்ணன் பார்த்தால் ஏன் என்று கேட்பான்.

டீச்சர், கொஞ்சம் கிட்ட வாருங்கள். அவள் பின்கட்டுக்குப் போய்விட்டாளா? நான் சொல்கிறதைக் கேளுங்கள். நீங்கள் ஒரு பொய் சொல்ல வேண்டும். பாவம் உங்களுக்கு வேண்டாம், நான் சனிக்கிழமை சாமியாரிடம் என் கணக்கில் சொல்லிக்கொள்கிறேன். டென்சிங் வந்ததும் கேட்பான். எப்படியும் கேட்பான், “எத்தனாவதா எடுத்தீங்க” என்று. அப்போது முதல் பேர் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கடைசி ரவுண்டு என்று சொல்லுங்கள். மற்ற அணிகளெல்லாம் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள், எங்களுக்கு ஒரு இடம் மீதி கிடந்தது, வேறு பேர் இல்லை, சரி என்று இவளைப் போட்டோம் என்று சொல்லுங்கள். மாற்று ஆளாக உட்கார வைக்கத்தான் என்று சொல்லுங்கள்.

அவன் சிரிப்பான். எனக்குத் தெரியும் அவனை. சிரித்தால் மனசு இளகிவிடும். “போடி, போ. போய் அவனுவளுக்கு பெஞ்ச தொடச்சுக் கொடு” என்பான். அது போதும். அதுதான் அவன் சரி என்று சொல்வது. அதற்கு மேல் அவனிடம் இருந்து வாங்க வேண்டாம். வாயால் சொல்லிவிட்டானென்றால் அவனே வண்டியில் கொண்டுபோய் ரயில் ஏற்றி விடுவான். வழிக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுப்பான். அப்படிப்பட்ட பிள்ளை.

பின்னால் தெரியத்தான் செய்யும். பேப்பரில் போடுவார்கள், டிவியில் காட்டுவார்கள். அதற்குள் அவள் ஒரு கோல் போட்டிருக்கட்டும். தங்கச்சி கோல் போட்டபிறகு அவனுக்குக் கோபப்பட எங்கே நேரம்? தெருவெல்லாம், “நான் சொல்லிக்கொடுத்தது” என்று சொல்லிக்கொண்டு திரிவான். உண்மையும் அதுதானே டீச்சர்? அவன் அப்படி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்துத்தானே இவள் இந்த அளவுக்கு வந்தாள்?

உங்களுக்கு மனசு வரவில்லை, தெரிகிறது. பொய் சொல்லத் தெரியாதவரா நீங்கள்? “இந்த வருடம் எங்கள் அணி பலமான அணி” என்று உங்கள் கிளப் வருடா வருடம் பேட்டி கொடுக்கிறதே, அதை யார் சொல்லித் தருகிறார்கள்?

இருங்கள், வண்டிச் சத்தம். அவன்தான். கோப்பையை அப்படிப் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், முறுக்கைக் கையில் எடுங்கள். முகத்தையும் இப்படிப் பெருமையாக வைத்துக்கொள்ளாதீர்கள் டீச்சர், காரியம் கெட்டுப்போகும். ஆட்டம் முடிந்து கைகொடுக்கும்போது உங்கள் ஆட்கள் ஒரு முகம் வைத்துக்கொள்வார்களே, ஏதோ இழவு வீட்டுக்கு வந்த மாதிரி. அந்த முகம் வையுங்கள்.

ஆ, அதுதான். பார்த்தீர்களா, எவ்வளவு சுலபமாக வருகிறது.

வா மக்கா. டீச்சர் வந்திருக்காவ.